ஆழ்ந்து எண்ணும் இயல்புக்கு என்ன சொல்? ‘ஓர்ப்பு’ பொருந்துமா?

தென்னங்கீற்று:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் கணக்கு ஆசிரியை இந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறார். பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறோம். அவரைப் பற்றிய முதல் கட்டுரை என் பொறுப்பு. ஒரே ஒரு சொல் கிடைக்காமல் இரண்டு வாரமாக நின்றுகொண்டிருக்கிறேன்.

அவரிடம் எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. கையிலிருக்கும் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார். கேட்ட பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பார். சில நேரம் வகுப்பே பொறுமை இழக்கும் அளவுக்கு அந்த மௌனம் நீளும். அப்புறம் அவர் சொல்லும் பதில், நாங்கள் கேட்டதைவிட நாங்கள் கேட்க நினைத்ததற்குப் பொருத்தமாக இருக்கும். அந்த இயல்பைப் பெயர்ச்சொல்லாக எப்படிச் சொல்வது?

‘சிந்தனையாளர்’ என்று எழுதினால் மேடையில் பேசுகிறவர் போலத் தோன்றுகிறது. ‘யோசனை’ என்றால் தயக்கம் போல ஒலிக்கிறது. “ரொம்ப யோசிக்கிறான்” என்று குறையாகத்தானே சொல்கிறோம்? ‘நிதானம்’ வேகத்தை மட்டும் சொல்கிறது. நிகண்டு ஒன்றைப் புரட்டியபோது ‘ஓர்ப்பு’ கண்ணில் பட்டது. ஆராய்ந்து உணர்தல் என்று பொருள் சொல்கிறார்கள். இதன் வேர் என்ன, இன்றைக்கு எழுதினால் புரியுமா?

மொழிநடை:

புரியாது. பதிப்பு வேலையில் இருக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். ‘ஓர்ப்பு’ என்று எழுதினால் பாதிப் பேர் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். ‘ஆழ்ந்த சிந்தனை’ என்றே எழுதுங்கள். இரண்டு சொல் ஆனால் என்ன?

வெண்பாப்பிரியன்:

அருமையான சொல்லைப் பிடித்திருக்கிறீர்கள் அக்கா. வேர் மிக எளிது. ‘ஓர்’ என்றால் ஒன்று. மனத்தை ஒன்றின்மேல் நிறுத்துவதுதான் ஓர்தல். ஓர்மை என்றால் ஒருமை. ஒருமுகப்படுவதுதான் ஆழ்ந்த சிந்தனை. இதைவிட அழகான விளக்கம் எந்த மொழியிலும் கிடைக்காது.

குமரிமுனை:

ஓர்மை என்றதும் ஓடி வந்தேன். குமரிப் பக்கத்துப் பேச்சில் ஓர்மை என்றால் நினைவு. “ஓர்மை இருக்கா?” என்றால் ஞாபகம் இருக்கிறதா என்று அர்த்தம். மலையாளத்தில் ‘ஓர்ம்ம’ நினைவு, ‘ஓர்க்குக’ நினைத்துப் பார்ப்பது. அதில் ‘ஒன்று’ என்கிற பொருளுக்கு இடமே இல்லையே?

பனைநிழல்:

ஈழத்துப் பேச்சிலை ‘ஓர்மம்’ எண்டொரு சொல் இருக்கு. மன உறுதி, விடாப்பிடி. “ஓர்மமா நிண்டவன்” எண்டு சொல்லுவம். அதுவும் இதோடை சேருமோ எண்டு ஏட்டுக்குறிப்பு ஐயாதான் சொல்லவேணும்.

ஏட்டுக்குறிப்பு:

கூப்பிட்டதற்கு நன்றி. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெண்பாப்பிரியன் தம்பிக்கு. எண்ணுப்பெயரான ‘ஓர்’, ‘ஒரு’ என்பதன் மாற்று வடிவம். உயிரெழுத்துக்கு முன் ஒரு நீண்டு ஓர் ஆகிறது: ஓர் ஊர், ஓர் ஆண்டு. இரு என்பது ஈருயிர், ஈராண்டு என்று ஆவதும் இதே முறைதான். வினைச்சொல்லான ‘ஓர்’ அப்படிப்பட்டதன்று. அதற்கு எல்லா இடத்திலும் நெடில்தான். ஓர்ந்து, ஓர்த்து, ஓர்ப்பு என்று மெய்யெழுத்துக்கு முன்னும் நெடிலாகவே நிற்கிறது. ஒன்று என்பதிலிருந்து பிறந்திருந்தால் ‘ஒரு’ என்ற குறில் வடிவம் வினையில் எங்காவது தலைகாட்டியிருக்க வேண்டும். மனம் ஒன்றுபடுவதைச் சொல்ல வேண்டிய இடத்தில் வள்ளலார் “ஒருமையுடன் நினது திருமலரடி நினைக்கின்ற” என்றுதான் பாடினார். ஒருமைக்கு ஓர்மை என்ற வடிவமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது வேறு சொல். எழுத்து மட்டும் ஒன்று.

குமரிமுனை சொன்னதுதான் சரியான வழி. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி (முதற்பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984) தமிழ் ‘ஓர்’ வினையையும் மலையாள ‘ஓர்க்குக’வையும் ஒரே பதிவில் வைக்கிறது. பனைநிழல் சொன்ன ஓர்மம் பொருளில் எட்டத்தில் நிற்கிறது. அதை நான் இதனோடு சேர்க்கமாட்டேன்.

இப்போது குறளுக்கு வாருங்கள். ‘ஓர்’ வரும் குறள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும்.

“ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும்
தேர்ந்துசெய் வஃதே முறை” (541)

இங்கே ஓர்தல் என்பது குற்றத்தை நாடி ஆராய்வது. செங்கோன்மை அதிகாரம், அரசனுக்குச் சொன்னது.

“ஓர்த்துள்ளம் உள்ளது உணரின் ஒருதலையாப்
பேர்த்துள்ள வேண்டா பிறப்பு” (357)

இங்கே மெய்ப்பொருளை எண்ணித் தெளிவது. அடுத்தது மன்னரைச் சேர்ந்தொழுகல் அதிகாரத்தில் வருவது:

“எப்பொருளும் ஓரார் தொடரார்மற் றப்பொருளை
விட்டக்கால் கேட்க மறை” (695)

அரசன் யாரிடமோ மறைவாகப் பேசிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் இருப்பவர் ‘ஓரார்’. அதாவது காது கொடுக்க மாட்டார், ஒட்டுக்கேட்க மாட்டார். அவனே சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். இந்த ‘ஓரார்’ என்பதற்கு ஆராய மாட்டார் என்று பொருள் சொன்னால் குறளே குலைந்துவிடும். இங்கே ஓர்தல் என்பது செவிகொடுத்தல்.

ஆக ஒரே நூலில் ஒரே சொல்லுக்கு ஆராய்வது, எண்ணித் தெளிவது, காது கொடுப்பது என்று மூன்று பொருள். தென்னங்கீற்று அம்மா, உங்கள் ஆசிரியை சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் செய்வது இந்த மூன்றும்தானே?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். “அஞ்சுவ தோரும் அறனே” (366), “செயற்பால தோரும் அறனே” (40) என்று வரும் ‘ஓரும்’ பொருளில்லாத அசைச்சொல். அதையும் எண்ணிக்கையில் சேர்த்துவிடாதீர்கள். இணையத்தில் சிலர் சேர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வெண்பாப்பிரியன்:

ஐயா, ஒரு-ஓர் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். ஓர்ந்து என்பது வேறு, ஓர்த்து என்பது வேறு அல்லவா? சேர்ந்து-சேர்த்து, தீர்ந்து-தீர்த்து போல. காது கொடுப்பது ஒரு வினை, ஆராய்வது இன்னொரு வினை, இரண்டும் தற்செயலாக ஒரே ஒலியில் அமைந்தவை என்று ஏன் கொள்ளக்கூடாது?

ஏட்டுக்குறிப்பு:

நல்ல கேள்வி தம்பி. சேர்ந்து-சேர்த்து என்பதில் தானாகச் சேர்வதும் பிறிதொன்றைச் சேர்ப்பதும் என்று பொருள் பிரிகிறது. ஓர்ந்து-ஓர்த்து என்பதில் அப்படிப் பிரியவில்லை. 541-இல் ஓர்ந்து என்றால் ஆராய்ந்து. 357-இல் ஓர்த்து என்றாலும் ஆராய்ந்துதான். கேட்டல் பொருளையும் பாருங்கள். 695-இல் ‘ஓரார்’ என்று, ஓர்ந்து என்பதைச் சேர்ந்த மெல்லிய வடிவம். முல்லைப்பாட்டில் ‘ஓர்ப்பனள்’ என்று, ஓர்த்து என்பதைச் சேர்ந்த வலிய வடிவம், பொருள் அங்கேயும் கேட்டல். இரண்டு வடிவத்திலும் இரண்டு பொருளும் குறுக்கும் நெடுக்குமாக வருகின்றன. வேறு வேறு வினைகளாக இருந்திருந்தால் வடிவமும் பொருளும் சோடி சோடியாகப் பிரிந்து நின்றிருக்கும்.

மொழிநடை:

தெலுங்கில் ‘ஓர்ப்பு’ என்றால் பொறுமை. என்னோடு வேலை செய்கிறவர் அடிக்கடி சொல்வார். அதுவும் இதுதானா? அப்படியென்றால் அந்த ஆசிரியைக்கு இன்னும் பொருந்துமே.

ஏட்டுக்குறிப்பு:

இல்லை அம்மா. அது தாங்கிக்கொள்ளுதல் என்ற பொருளுள்ள தெலுங்கு வினையிலிருந்து வருவது. ஒலி ஒன்றாக இருப்பதால் ஏமாற வாய்ப்புண்டு.

நிலாமுற்றம்:

இத்தனை நாளாக எழுதாமல் படித்துக்கொண்டே இருந்தவள். இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரு எச்சரிக்கை.

‘ஓர்ப்பு’ நம் மரபில் ஆணின் குணமாகப் பட்டியலிடப்பட்ட சொல். அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி நான்கும் ஆணுக்கு. நாணம், மடம், அச்சம், பயிர்ப்பு நான்கும் பெண்ணுக்கு. அகப்பொருள் இலக்கணத்துக்கு எழுந்த பழைய உரையான இறையனார் களவியல் உரையில் மடம் என்பதற்குக் “கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை” என்று பொருள் சொல்லியிருக்கிறது. பிறர் அறிவுறுத்தியதை ஏற்றுக்கொண்டு, ஏற்றதை விடாமல் வைத்துக்கொள்வது பெண்ணின் குணம். எதையும் ஆராய்ந்து பார்ப்பது ஆணின் குணம். கற்பிக்கும் தொழிலில் இருக்கிற எனக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும்.

உங்கள் ஆசிரியை கணக்கு சொல்லிக்கொடுத்த பெண். அவருக்கு இந்தச் சொல்லைக் கொடுப்பதற்கு முன் இது எங்கே இருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

தென்னங்கீற்று:

நிலாமுற்றம், இது எனக்குத் தெரியவே தெரியாது. படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் படிக்க வந்த காலத்தில் அவர் வகுப்பில் கணக்கு எடுத்த பெண்கள் இரண்டு பேர்தான் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பட்டியலில் இருந்து இந்தச் சொல்லை எடுத்து அவருக்குத் தருவதுதான் சரி என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. வேண்டாம், இந்தச் சுமை இல்லாத சொல்லாக இருக்கட்டும் என்று இன்னொரு பக்கம்.

வெண்பாப்பிரியன்:

அக்கா, அது அகப்பொருள் இலக்கணத்தில் தலைவன் தலைவிக்குச் சொன்ன வகைப்பாடு. உலகத்து ஆண் பெண் எல்லாருக்குமான சட்டம் இல்லை. சொல்மேல் குற்றம் சுமத்தக்கூடாது.

நிலாமுற்றம்:

சொல்மேல் நான் குற்றம் சுமத்தவில்லை தம்பி. ஆனால் ‘அகத்திணைக்கு மட்டும்’ என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அந்த நான்கு குணப் பட்டியலை இன்றைக்கும் மேடையில் பெண் பிள்ளைகளுக்கு அறிவுரையாகச் சொல்கிறார்கள். ஆண்களின் நான்கை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

ஏட்டுக்குறிப்பு:

நிலாமுற்றம் அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பட்டியலை நான் மாணவனாக மனப்பாடம் செய்தவன். நீங்கள் பக்கத்தில் வைத்துக் காட்டிய மாதிரி ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லை.

ஆனால் பட்டியல் சொல்வது ஒன்று, பாட்டு காட்டுவது இன்னொன்று. முல்லைப்பாட்டைப் பேச்சுவாக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனேன். அதற்குத் திரும்ப வேண்டும்.

நப்பூதனார் பாடியது, 103 அடிகள், பத்துப்பாட்டில் மிகச் சிறியது. கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: போருக்குப் போன அரசன் கார்காலத்துக்குள் வருவதாகச் சொல்லியிருக்கிறான், மழை வந்துவிட்டது, அவன் வரவில்லை. அரசனும் அரசியும் வேறு வேறு இடத்தில் தூங்காமல் கிடக்கிறார்கள். இருவரும் எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். அதை எந்தெந்தச் சொல்லால் சொல்கிறார் என்று பாருங்கள்.

பாசறையில் அரசன். புண்பட்ட யானைகளை நினைக்கிறான், தனக்காக உயிர்விட்ட வீரர்களை நினைக்கிறான். பிறகு, உடம்பில் அம்பு பாய்ந்ததால் தீனி தின்னாமல் வருந்தும் குதிரைகள்:

“செவிசாய்த்து
உண்ணாது உயங்கும் மாசிந் தித்தும்
ஒருகை பள்ளி ஒற்றி ஒருகை
முடியொடு கடகஞ் சேர்த்தி நெடிதுநினைந்து”

ஒரு கை படுக்கைமேல், ஒரு கை தலைமேல். அவன் ‘சிந்தித்தும்’, ‘நெடிது நினைந்தும்’ கிடக்கிறான்.

வீட்டில் அரசி. அவளும் “நீடுநினைந்து தேற்றியும்” இருக்கிறாள். கழன்று ஓடும் வளையலைத் திருத்துகிறாள், பெருமூச்சு விடுகிறாள், அம்பு தைத்த மயில் போல நடுங்குகிறாள். இதுவரை அவளும் அவனைப்போல நினைக்கிறவள்தான். அதற்கு அப்புறம் வருகிறது:

“இடஞ்சிறந் துயரிய எழுநிலை மாடத்து
முடங்கிறைச் சொரிதரு மாத்திரள் அருவி
இன்பல் இமிழிசை ஓர்ப்பனள் கிடந்தோள்
அஞ்செவி நிறைய ஆலின”

ஏழுநிலை மாடத்தின் கூரை மூலையிலிருந்து மழைத்தண்ணீர் அருவியாகக் கொட்டுகிறது. அந்த ஓசையை ‘ஓர்ப்பனள்’ கிடக்கிறாள். நினைத்து நினைத்து அலைந்த மனம் அடங்கி, காது மட்டும் திறந்திருக்கிறது. அந்தக் காது நிறைய வந்து விழுகிறது அவன் தேர்க்குதிரைகளின் கனைப்பு.

அரசனுக்குக் கிடைத்த சொல் சிந்தித்தல், நினைதல். ஓர்த்தல் அரசிக்குத்தான் கிடைத்தது. பட்டியல் எழுதியவர்கள் வருவதற்கு முன்பே புலவர் அதைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார்.

நிலாமுற்றம்:

ஐயா, கண் கலங்கிவிட்டது. முல்லைப்பாட்டைக் கல்லூரியில் பாடமாகப் படித்தேன். ஓர்ப்பனள் என்பதற்குக் ‘கேட்டவளாய்’ என்று ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டதோடு சரி.

அந்தப் பாட்டே கேட்பதில்தான் தொடங்குகிறது இல்லையா? வயதான பெண்கள் ஊர்ப்புறத்தில் போய் நின்று விரிச்சி கேட்கிறார்கள், அதாவது தற்செயலாகக் காதில் விழும் சொல்லை நிமித்தமாகக் கொள்ளக் காத்திருக்கிறார்கள். ஆயர் பெண் ஒருத்தி குளிரில் நடுங்கும் கன்றுக்கு “இன்னே வருகுவர் தாயர்” என்று சொல்வது காதில் விழுகிறது. அதையே நல்ல சொல்லாகக் கொண்டுவந்து அரசிக்கு ஆறுதல் சொல்கிறார்கள். சொன்னதை அவளால் அப்போது கேட்டுக்கொள்ள முடியவில்லை. கடைசியில்தான் கேட்கிறாள், அதுவும் மழையை.

குமரிமுனை:

அப்போ எங்கள் ‘ஓர்மை’க்கும் வழி தெரிகிறது. காது கொடுத்தது உள்ளே தங்குகிறது, தங்கினது நினைவு. ஓர்த்தது ஓர்மை.

மொழிநடை:

ஏட்டுக்குறிப்பு ஐயா காட்டிய வரியில் ‘சிந்தித்தும்’ வருகிறதே! சிந்தனை பிற்காலத்துக் கடன்சொல் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஏட்டுக்குறிப்பு:

வடசொல்தான், ஆனால் பழைய வரவு. அங்கே அது வந்திருக்கும் இடத்தைக் கவனித்தீர்களா? அடிபட்ட குதிரையை எண்ணி வருந்தும் இடம். வடமொழிச் ‘சிந்தா’ என்பதற்கு எண்ணம், கவலை இரண்டும் பொருள். இந்தியிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இன்று அது கவலையைத்தான் முதலில் குறிக்கிறது. தமிழில் கவலை உதிர்ந்து எண்ணம் மட்டும் நின்றது. மாணிக்கவாசகர் “சிந்தனை நின்தனக் காக்கி” என்று பாடும்போது அதில் கவலையின் சாயல் துளியும் இல்லை.

வெண்பாப்பிரியன்:

‘எண்’ என்பதையும் சொல்லாமல் இருக்கக்கூடாது. எண்ணுதல் என்றால் கணக்கிடுவது, எண்ணுதல் என்றால் நினைப்பது. கணக்கு ஆசிரியைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? “எண்ணித் துணிக கருமம்” (467).

தென்னங்கீற்று:

அதை முதல் நாளே யோசித்தேன் தம்பி, ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ‘எண்ணம்’ என்று பெயர்ச்சொல் ஆக்கியதும் அது நினைப்பு, கருத்து, உத்தேசம் என்று போய்விடுகிறது. “அவரது எண்ணம்” என்றால் அவர் என்ன நினைத்தார் என்று கேட்கத் தோன்றுமே தவிர, எப்படி நினைத்தார் என்று தோன்றாது.

பனைநிழல்:

உள்ளுதல்? உள் எண்டதிலையிருந்து வந்த சொல். உள்ளம் எண்டதும் அதுதானே. “உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்” (596).

ஏட்டுக்குறிப்பு:

உள்ளுதலுக்குக் குறுந்தொகை 99-ஆம் பாட்டைப் பாருங்கள். ஔவையார் பாடியது. “உள்ளினென் அல்லெனோ யானே உள்ளி, நினைந்தனென் அல்லெனோ பெரிதே நினைந்து, மருண்டனென் அல்லெனோ”. பொருள் தேடப் போய்த் திரும்பிய தலைவனிடம் ‘எங்களை நினைத்தீரா’ என்று தோழி கேட்டதற்கு அவன் சொல்லும் பதில். உள்ளினேன், உள்ளியபின் பெரிதாக நினைந்தேன், நினைந்து மயங்கினேன். உள்ளுதல் முதல் படி, நினைதல் அதற்கு மேல். இரண்டும் கடைசியில் மருளுக்குத்தான் கொண்டுபோகின்றன. அதுதான் தென்னங்கீற்று அம்மாவுக்கு வேண்டியதற்கும் இதற்கும் வேறுபாடு. அவருடைய ஆசிரியை தெளிவுக்குப் போகிறார்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் முப்பத்திரண்டு மெய்ப்பாடுகள் வரும் நூற்பாவில் சூழ்ச்சி, நினைதல், கருதல், ஆராய்ச்சி நான்கையும் தனித்தனியாக எண்ணியிருக்கிறார். இன்றைக்கு நாம் எல்லாவற்றையும் ‘யோசித்தல்’ என்று ஒரே பையில் போட்டுவிடுகிறோம். மெய்ப்பாடு என்றால் உள்ளே நடப்பது உடம்பில் தெரிவது. எண்ணுவது வெளியே தெரியும் என்பது அவர் கணக்கு. சாக்பீஸைக் கீழே வைப்பதும் அதுதான்.

மொழிநடை:

அந்தப் பட்டியலில் சூழ்ச்சியா?!

ஏட்டுக்குறிப்பு:

ஆமாம். பழைய பொருள் வேறு. ஒரு செய்தியைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் பார்ப்பது சூழ்தல். “சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்” (671): ஆலோசனையின் முடிவு துணிவு. “சூழ்வாரைச் சூழ்ந்து கொளல்” (445): ஆலோசனை சொல்பவரை ஆராய்ந்து துணையாகக் கொள்வது. பலர் கூடி மறைவாக ஆலோசிப்பது கெட்டதற்கும் ஆகும் அல்லவா, அந்தப் பக்கமே மிஞ்சி இன்று சதி என்ற பொருள் ஒன்றுதான் உயிரோடிருக்கிறது. இதை எந்தப் பதிப்பாசிரியராலும் இனி மீட்க முடியாது.

நிலாமுற்றம்:

பொருள் வீழ்ந்த சொல் என்றால் என் மனசில் முதலில் வருவது மனனம். பிள்ளைகளிடம் “மனனம் செய்துகொண்டு வா” என்கிறோம். பார்க்காமல் ஒப்பிப்பது என்று பொருள். ஆனால் அந்தச் சொல் பிறந்த இடத்தில் அதற்கு நேர் எதிரான பொருள். பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் தன் மனைவி மைத்ரேயியிடம் சொல்வார்: ஆன்மாவைக் காண வேண்டும், கேட்க வேண்டும், மனனம் செய்ய வேண்டும், இடைவிடாது தியானிக்க வேண்டும். கேட்டதைத் தன் அறிவால் கிளறி, ஐயம் போகும்வரை எண்ணுவதுதான் மனனம். சைவ சித்தாந்தத்தில் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்று சொல்வார்கள். சிந்தித்தல் நிற்கும் இடத்தில்தான் அங்கே மனனம் நிற்கிறது.

அதை நாம் ஒப்பிப்புக்குக் கொடுத்துவிட்டோம். எனக்கு இது வெறும் சொல் பிரச்சினையாகத் தெரியவில்லை. வகுப்பில் அந்தச் சொல்லை இப்போது நான் பயன்படுத்துவதில்லை. மனப்பாடம் வேண்டும் என்றால் மனப்பாடம் என்றே சொல்கிறேன்.

ஏட்டுக்குறிப்பு:

நன்னூல் இந்த இரண்டையும் கவனமாகப் பிரித்து வைத்திருக்கிறது அம்மா. நூல் பயிலும் முறையைச் சொல்லும் இடத்தில் “வழக்கறிதல், பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல்” என்று வரும். பாடம் போற்றல் ஒப்பிப்பதற்கு, கேட்டவை நினைத்தல் நீங்கள் சொன்ன மனனத்துக்கு. பவணந்தியார் ஒன்றை விட்டு இன்னொன்றைச் சொல்லவில்லை. இரண்டும் வேண்டும் என்கிறார், ஆனால் வேறு வேறு என்றும் சொல்கிறார்.

நீங்கள் மனனத்தைக் கொண்டுவந்ததும் எனக்கு 357-க்குப் பரிமேலழகர் எழுதியது நினைவுக்கு வந்தது. மெய்யுணர்தல் அதிகாரத்தில் அடுத்தடுத்து வரும் மூன்று குறள்களை அவர் கேள்வி, விமரிசம், பாவனை என்று மூன்று படியாக வைக்கிறார். “கற்றீண்டு மெய்ப்பொருள் கண்டார்” (356) கேள்வி. “ஓர்த்துள்ளம்” (357) விமரிசம், அதாவது கேட்டதை ஆராய்ந்து தெளிவது. 358 பாவனை, அதாவது தெளிந்ததை இடைவிடாது எண்ணுவது. நீங்கள் சொன்ன உபநிடத வரிசையோடு வைத்துப் பாருங்கள். மனனம் நிற்கும் இடத்தில் வள்ளுவர் வைத்த சொல் ஓர்த்தல்.

நிலாமுற்றம்:

கேட்ட பிறகு செய்வது, ஆனால் கேட்பதையும் தன்னுள் வைத்திருக்கிற சொல்! மனனம் என்பதில் மனம் மட்டும்தான் இருக்கிறது. ஓர்த்தலில் காது இன்னும் மூடவில்லை.

தென்னங்கீற்று, என் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவருக்கு இந்தச் சொல்லையே கொடுங்கள்.

மொழிநடை:

நானும் மனம் மாறிவிட்டேன், ஆனால் பாதிதான். ‘ஓர்ப்பு’ என்ற பெயர்ச்சொல் தனியாக நின்றால் இன்றைக்குப் புரியாது. அதில் நான் மாறவில்லை. மலரைப் படிக்கப்போவது புலவர்கள் இல்லை, கணக்கு படித்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். வினையாக எழுதுங்கள். ‘ஓர்ந்து’ என்பது இன்னும் முழுக்க வழக்கொழியவில்லை, ‘ஓர்ந்து பார்த்தால்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் ‘கேட்டு’ என்று ஒரு சொல் இருந்தால் படிப்பவருக்குப் பொருள் தானாகப் பிடிபடும். அடிக்குறிப்பு மட்டும் போடாதீர்கள். அடிக்குறிப்பு போட்ட சொல் மறுபடி உயிர்பெறாது.

வெண்பாப்பிரியன்:

தலைப்பாகவாவது ‘ஓர்ப்பு’ வைக்கலாமே? தலைப்பு புரியாவிட்டால்தான் கட்டுரையைப் படிப்பார்கள்.

மொழிநடை:

தலைப்புக்குச் சம்மதம். உள்ளே வினை.

தென்னங்கீற்று:

ஒருவாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கட்டுரை முடிந்து அச்சுக்குப் போய்விட்டது. தலைப்பு ‘ஓர்ப்பு’தான். நிலாமுற்றம் சொன்ன பட்டியலைப் பற்றிக் கட்டுரையில் எதுவும் எழுதவில்லை. ஏழுநிலை மாடத்து மழையைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதினேன். உங்கள் எல்லாருக்கும் காட்ட வேண்டிய இரண்டு வரி இது:

“நாங்கள் கேள்வி கேட்டு முடித்த பிறகும் அவர் கேட்டுக்கொண்டிருப்பார். எங்கள் கேள்விக்குள் எங்களுக்கே கேட்காத ஒன்றை ஓர்ந்து, அதற்குப் பதில் சொல்வார்.”

அச்சுக்கு அனுப்புவதற்கு முன் ஆசிரியையிடமே படித்துக் காட்டினேன். ‘ஓர்ந்து’ என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்த மழைப் பத்தியை இன்னொரு தடவை வாசி” என்றார்.